கெட்டிமேளம் கேட்கிற தூரத்தில் அடுப்பு

கல்யாணச் சமையலுக்கு மண்டபம் பார்க்கப் போனால் முதலில் தண்ணீர் எங்கே வருகிறது என்று பார்ப்போம். அடுத்து, புகை எந்தப் பக்கம் போகும் என்று. எங்கள் மாஸ்டர் மூன்றாவதாக ஒன்று பார்ப்பார். அடுப்படியில் போய் நின்றுகொண்டு, மணவறையிலிருந்து ஒருவனைக் கைதட்டச் சொல்வார். சத்தம் வந்தால் சரி. வராவிட்டால் கல்யாணத்தன்று மணவறைக்கும் அடுப்படிக்கும் நடுவில் ஒரு பையனை நிறுத்திவிடுவார். கெட்டிமேளம் கொட்டியதும் அவன் கையைத் தூக்க வேண்டும். அந்தக் கைக்காக இங்கே எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கும். தாலி ஏறி, ஆசீர்வாதம் முடிந்து, முதல் பந்தி உட்காருவதற்குள் வடை பொரிந்திருக்க வேண்டும்; ஆறியிருக்கவும் கூடாது.

14 வயதில் கும்பகோணம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து அவரிடம் சேர்ந்தபோது அந்தக் கையைத் தூக்குகிற பையன் நான்தான். காய் நறுக்கவும் கரண்டி பிடிக்கவும் அதற்குப் பிறகுதான் விட்டார். முதலில் காது பழகட்டும் என்பார். அவருடைய அப்பா ஒரு நாடகக் கம்பெனியில் சமையல் பார்த்தவர். பாய்ஸ் கம்பெனிக் காலம். ஊர் ஊராகக் கொட்டகை போட்டு, பையன்களுக்கு அங்கேயே சோறும் படுக்கையும். ராத்திரி நாடகம் முடிந்து வேஷத்தைக் கலைத்துவிட்டு வருகிற பிள்ளைகளுக்கு ரசம் கொதிக்கக் கொதிக்க இருக்க வேண்டும் என்பது அந்த அப்பாவின் கணக்காம். மாஸ்டர் இதை என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார். பழைய கதை என்று கேட்டுக்கொண்டேன். அது எனக்கும் சொன்னதுதான் என்று புரிய, மும்பை வரை போக வேண்டியிருந்தது.

2003 மார்கழியில் சென்னையில் ஒரு சபாவின் கேண்டீனை முதன்முறையாக என் பெயரில் எடுத்தேன். மார்கழிக் கேண்டீன் என்றால் என்னவென்று வெளியில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சபாவுக்கு ஒரு தொகையை முன்கூட்டியே கட்டிவிட வேண்டும். பந்தல், பாத்திர வாடகை, கேஸ், ஆள் கூலி எல்லாம் நம் தலையில். நடக்கிற நாள் 20க்கு மேல் போகாது. போட்டதை அதற்குள் எடுத்தாக வேண்டும். காலையில் பொங்கல், வடை. மதியம் இலைச் சாப்பாடு. சாயங்காலம் அடை அவியல், கீரை வடை, காசி அல்வா, ரவா தோசை. காபிக்கு டிகாக்‌ஷன் எப்போதும் முதல் டிகாக்‌ஷன்தான். ஒருவர் எழுந்தால் அடுத்தவர் அந்த நாற்காலியில் உட்கார வேண்டும். அதற்காகவே சப்ளையர்கள் தட்டை வேகமாக எடுப்பார்கள். பேராசை என்று யாராவது சொன்னால் எனக்கு வருத்தமாக இருக்கும். ஒப்பந்தம் அப்படி. 20 நாள் கடைக்காரனுக்கு ஒவ்வொரு நிமிடமும் தோசைக்கல்தான்.

சாயங்காலக் கச்சேரி ஆறு, ஆறரைக்குத் தொடங்கினால், எட்டு மணிவாக்கில் பிரதான கீர்த்தனையின் முடிவில் மிருதங்கத்துக்குத் தனி ஆவர்த்தனம் விடுவார்கள். அரங்கின் கதவு அதிகம் திறப்பது அப்போதுதான். என் பையன்கள் அதற்குத் ‘தனிக்கூட்டம்’ என்றே பெயர் வைத்திருந்தார்கள். அதற்கென்று மாவைத் தனியாகக் கரைத்து வைப்போம். மூன்று கல்லிலும் சேர்த்து 15 நிமிடத்தில் 50 ரவா தோசை. அந்த வேகத்தில் எனக்குப் பெருமை இருந்தது.

2009 டிசம்பரில் ஒரு ராத்திரி, கடை கட்டுகிற நேரம். மிருதங்க வித்வான் ஒருவர் தனியாக வந்து உட்கார்ந்தார். அன்றைய கச்சேரிக்கு வாசித்தவர். வயது எழுபதை ஒட்டி இருக்கும்.

“சூடா ஏதாவது இருக்கா?”

இல்லை. கல் ஆறிவிட்டது. தயிர் சாதம் மட்டும்தான் இருந்தது. நானே கொண்டுபோய் வைத்தேன். இரண்டு வாய் சாப்பிட்டவர், கோபமே இல்லாமல் சொன்னார்: “நான் கையை வச்ச உடனே உங்க கல்லுல தண்ணி தெளிக்கிற சத்தம் எனக்குக் கேக்கறது. தினம் கேக்கறது. நல்ல வியாபாரம் ஆறதில்லையா? ஆகட்டும், ஆகட்டும்.”

சாப்பிட்டு முடித்துக் காசு எடுத்தார். வேண்டாம் என்றேன். வைத்துவிட்டுப் போனார்.

பந்தல் பிரிக்கும் வரை அது மனதில் கிடந்தது. அவர் வாசிக்கும்போது ஓடி வருகிறவர்களுக்குச் சூடான தோசை. வாசித்து முடித்துப் பசியோடு வருகிறவருக்கு ஆறிப்போன தயிர் சாதம். கெட்டிமேளத்துக்குக் காது கொடுத்து வளர்ந்த நான், அடுத்த கூடத்தில் வாசிக்கிற மிருதங்கத்தைக் கூட்டம் வருவதற்கான அடையாளமாக மட்டும் ஏழு வருடம் கேட்டிருக்கிறேன்.

தை பிறந்ததும் மும்பை மாட்டுங்காவில் ஒரு கல்யாணம் வந்தது. நாங்கள் 11 பேர் போனோம். மாட்டுங்கா சமையல்காரனுக்கு அந்நிய ஊர் இல்லை. வாழைக்காயும் சேப்பங்கிழங்கும் கறிவேப்பிலையும் வாசலிலேயே கிடைக்கும். பூக்கடையில் தமிழ் பேசுவார்கள். 1940களில் தொடங்கின தென்னிந்தியச் சாப்பாட்டுக் கடைகள் இன்னும் அங்கே நடக்கின்றன. பெண் வீட்டுக்காரர் ஒருவர் எங்களைச் சண்முகானந்தா மண்டபத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். 1963-ல் திறந்து, 1990-ல் தீப்பிடித்து, திரும்பக் கட்டி 1998-ல் மறுபடி திறந்த மண்டபம். 2,700 பேருக்கு மேல் உட்காரலாம். எனக்கு அங்கே தோன்றியதெல்லாம் இடைவேளையில் இத்தனை பேருக்குக் காபி எப்படி ஆற்றுவது என்பதுதான். கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. அதைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை.

பந்தியில் சாப்பிட்ட ஒருவர் ஜூஹூவில் தம் வீட்டு சீமந்தத்துக்குச் சமைக்க முடியுமா என்று கேட்டு விலாசம் கொடுத்திருந்தார். சனிக்கிழமை மதியம் கிளம்பினேன். மாட்டுங்காவில் மத்திய ரயில்வே ஸ்டேஷனுக்கும் மேற்கு ரயில்வே ஸ்டேஷனுக்கும் நடுவில் இசட் எழுத்துப்போல வளைந்து ஒரு நடைப்பாலம் போகிறது. அதைக் கடந்து ரயிலேறி வில்லே பார்லேயில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். வீட்டில் பூட்டு. போன் செய்தால் எட்டு மணிக்குத்தான் வருவோம் என்றார்கள். டீ குடிக்க இடம் தேடி ஜூஹூ சர்ச் சாலையில் நடந்தேன். ஜானகி குடீர் என்று ஒரு சந்து. உள்ளே மரமாக இருந்தது. உருதுக் கவிஞர் கைஃபி ஆஸ்மி வாழ்ந்த இடம் அது என்று பிறகு சொன்னார்கள். மரத்தடியில் மேஜைகள், கல் திண்ணைகள், மேலே மூங்கில். நல்ல கூட்டம். ஹோட்டல் என்று நினைத்துத்தான் நுழைந்தேன்.

ஆலு பராத்தாவும் டீயும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். கீமா பாவ், சுலைமானி டீ, ஐரிஷ் காபி என்று பலகையில் என்னென்னவோ இருந்தன. பராத்தா வந்தது. கிழங்கில் உப்பு அளவாக இருந்தது. ஓரம்வரை பூரணம் போயிருந்தது. ஓரம்வரை போவது சாதாரணம் இல்லை. தேய்க்கிறவன் பொறுமையான ஆள் என்று தெரிந்துகொண்டேன்.

அப்புறம்தான் சுற்றிலும் பார்த்தேன். ஒரு மேஜையில் நான்கைந்து இளைஞர்கள் கத்தை கத்தையாகக் காகிதம் வைத்துக்கொண்டு ஒருவருக்கொருவர் வசனம் சொல்லிப் பார்த்தார்கள். ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டு உதடு மட்டும் அசையப் பாடம் பண்ணிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் புத்தகக் கடை. இன்னொரு பக்கம் வெறும் கையோடு ஒரு வரிசை நின்றது. சாப்பாட்டு வரிசை என்றால் ஆட்கள் உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். பசிக்கிற வரிசை அசைந்துகொண்டே இருக்கும். இது அசையவில்லை.

மணி அடித்தது. அப்போது நடந்ததை இன்றைக்கும் யாரிடமும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பாதி டீயை வைத்துவிட்டு எழுந்தார்கள். பராத்தாவை மடித்து வாயில் போட்டுக்கொண்டு போனார்கள். சில நிமிடத்தில் முற்றத்தில் நானும் இன்னும் பத்துப் பேரும்தான். கதவு சாத்தினார்கள். மூச்சிரைக்க ஆட்டோவிலிருந்து இறங்கி வந்த ஒரு தம்பதியைக் கூட உள்ளே விடவில்லை. அவர்கள் சண்டை போடவில்லை. வந்து உட்கார்ந்து காபி சொன்னார்கள்.

என் ஏழு வருட அனுபவத்தில் மணி அடித்தால் ஜனம் கேண்டீனுக்குள்தான் வரும். கேண்டீனை விட்டு ஜனம் எழுந்து போய் நான் பார்த்ததில்லை.

எதிரே ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். நான் சமையல்காரப் பையனோடு தட்டுத்தடுமாறி இந்தியில் பேசுவதைக் கேட்டுவிட்டு, “மெட்ராஸா?” என்றார். மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவராம். பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாரத்தில் இரண்டு நாளாவது இங்கே வந்துவிடுவாராம். “உள்ளே போகலையா?” என்று கேட்டேன். “இந்த நாடகம் ஏற்கெனவே பார்த்தாச்சு. இன்னைக்குப் பேசறதுக்கு மட்டும் வந்தேன்” என்றார். யாரோடு என்று கேட்டதற்குக் கதவைக் காட்டினார். “அவங்க வெளியே வரட்டும்.”

அவர் சொல்லித்தான் நான் உட்கார்ந்திருந்தது பிருத்வி தியேட்டர் என்று தெரிந்தது. நடிகர் பிருத்விராஜ் கபூர் 1944-ல் தொடங்கின நாடகக் கம்பெனியின் பெயர் அது. சினிமாவில் சம்பாதித்ததைப் போட்டு நாடகம் நடத்தினவர். 150 பேரை வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய், 16 வருடத்தில் 2,662 காட்சிகள். காட்சி முடிந்ததும் ஜோல்னாப் பையை விரித்துப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பாராம். ஜனங்கள் போட்டதைப் போட்டுவிட்டுப் போவார்கள். ஊர் சுற்றிய அந்தக் கம்பெனிக்குச் சொந்த அரங்கு கிடையாது. கட்ட வேண்டும் என்று இந்த மனையைக் குத்தகைக்கு எடுத்தார். கட்டாமலே 1972-ல் காலமானார். பிறகு மகன் சசி கபூரும் மருமகள் ஜெனிபர் கெண்டலும் கட்டினார்கள். வேத் சேகன் என்ற கட்டடக் கலைஞர் வரைந்தது. 1978 நவம்பர் 5-ஆம் தேதி திறந்தார்கள். ஜெனிபரின் பெற்றோரும் நாடகக்காரர்கள். ஷேக்ஸ்பியர் நாடகங்களோடு இந்தியா முழுக்கச் சுற்றியவர்கள். அரங்கை உயிரோடு வைத்திருந்தவர் அந்த அம்மாள்தான் என்றார் பெரியவர். 1984-ல் அவர் காலமான பிறகு பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள்.

நான் 150 பேர் என்றதிலேயே நின்றுவிட்டேன். ஒரு வேளைக்கு 15 கிலோ அரிசி. ரயிலில் போய் இறங்கிய ஊரில் அடுப்பு மூட்டி, காட்சிக்கு முன்னால் கொஞ்சம், காட்சிக்குப் பிறகு வயிறார. வேஷம் கலைத்துவிட்டு வருகிற 150 பேர். மாஸ்டருடைய அப்பா ஞாபகத்துக்கு வந்தார். நடிப்புக்கும் பசிக்கும் உள்ள நேரக் கணக்கு தெரிந்த ஒரு சமையல்காரர் அந்தக் கம்பெனியிலும் இருந்திருப்பார். அவர் பெயரைப் பெரியவரிடம் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. அவரிடம் யாரும் அதுவரை கேட்டதும் இல்லையாம்.

சீமந்த வீட்டுக்காரர் எட்டு மணிக்கு வந்துவிட்டதாக போன் செய்தார். நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். தொழிலில் அப்படி நான் செய்ததில்லை.

கதவு திறந்தது. முதலில் வந்தவர்கள் பேசாமல் வந்தார்கள். டீ வாங்கினார்கள். பிறகு ஒரு மேஜையில் ஒருவர் ஏதோ சொல்ல, அடுத்தவர் மறுக்க, முற்றம் முழுக்கச் சத்தம் ஏறியது. கொஞ்ச நேரத்தில் மேக்கப்பைத் துடைத்தும் துடைக்காமலும் நடிகர்கள் வந்தார்கள். அதே மேஜைகளில்தான் உட்கார்ந்தார்கள். தனி அறை, தனித் தட்டு எதுவும் இல்லை. பெரியவர் எழுந்துபோய் ஒரு பையனின் தோளைத் தட்டி ஏதோ சொன்னார். அவன் சாப்பிட்டுக்கொண்டே கவனமாகக் கேட்டான். கேட்டுவிட்டு இல்லையென்று தலையை ஆட்டினான். இரண்டு பேரும் உட்கார்ந்து வாதாட ஆரம்பித்தார்கள்.

அந்தப் பையனின் தட்டைப் பார்த்தேன். ஆவி பறந்தது.

ஒரு கடைக்காரனாகவும் அந்த முற்றத்தைப் பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியாது. ஒரு டீயை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்காருகிறார்கள். யாரும் வந்து தட்டை எடுக்கவில்லை. என் கணக்கில் அது நஷ்டம். எப்படிக் கட்டுப்படியாகிறது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். யோசித்ததில் ஒன்று பிடிபட்டது. இது 20 நாள் கடை இல்லை. திங்கள் தவிர வாரம் முழுக்க நாடகம். வருடம் முழுக்கக் கடை. இன்றைக்கு ஒரு டீயோடு உட்காருகிறவர் நாளை மறுநாளும் வருவார். அவசரம் தேவைப்படாதபடி அந்தக் கடைக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள். சென்னையிலும் அப்படி இடங்கள் இல்லாமல் இல்லை. கதீட்ரல் சாலையில் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் இருந்தது. எழுத்தாளர்களும் நாடகக்காரர்களும் ஒரு காபியோடு மணிக்கணக்காக உட்காருவார்கள். அங்கே யாரும் எழுப்ப மாட்டார்கள். 2008-ல் மூடிவிட்டார்கள். இன்றைக்கு அந்த இடத்தில் செம்மொழிப் பூங்கா. ஆனால் டிரைவ்-இன்னுக்குப் பக்கத்தில் மேடை இல்லை. எங்கள் சபாக்களில் மேடை இருக்கிறது, மார்கழி போனால் அடுப்பு இல்லை. இரண்டும் ஒரே கூரையடியில் வருடம் முழுக்க இருக்கிற இடத்தை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். இதற்காக ஊரில் பணமுள்ளவர்கள் யாராவது ஒருவர் முன்வந்திருக்கக் கூடாதா என்ற ஆற்றாமை இன்னும் எனக்கு இருக்கிறது.

மறுநாள் சீமந்தக் கணக்கைப் பேசி முடித்துவிட்டு மறுபடி அங்கேயே போனேன். ஞாயிற்றுக்கிழமைக் காட்சிக்கு டிக்கெட் வாங்கி, அந்த அசையாத வரிசையில் நானும் நின்றேன். உள்ளே இருக்கை எண் கிடையாது. முன்னால் போனவர்களுக்கு முன் இடம். சுமார் 200 பேர்தான். மேடை உயரமாக இல்லை. மூன்று பக்கமும் நாங்கள், நடுவில் அவர்கள். படிபடியாக ஏறும் இருக்கைகள் என்பதால் கடைசி வரிசையில் இருந்தாலும் நடிகரின் நெற்றி வேர்வை தெரிந்தது. மைக் இல்லை. எனக்குத் தெரிந்த இந்தி காய்கறி மார்க்கெட் இந்தி. வசனத்தில் பாதி போய்விட்டது. ஆனாலும் ஓரிடத்தில் ஒருவர் பேசுவதை நிறுத்திவிட்டு ஒரு நாற்காலியைத் தூக்கி வேறு பக்கம் வைத்தார். 200 பேரும் மூச்சைப் பிடித்தது எனக்குக் கேட்டது. அந்த நேரத்தில் பக்கத்துக் கூடத்தில் கல்லில் தண்ணீர் தெளித்தால் எப்படி இருக்கும் என்று நினைத்தேன். வயிற்றைப் பிசைந்தது.

மூக்கையும் கூர்மையாக வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். சாப்பாட்டு வாசனை உள்ளே வரவில்லை. என் கேண்டீனில் சாம்பார் தாளிக்கிற பெருங்காயம், காற்று அடித்தால் மேடை வரை போகும். பாடகர் ஒருவர் மூச்சை இழுக்கும்போது அதையும் சேர்த்துத்தான் இழுத்திருப்பார்.

வெளியே வந்ததும் எனக்கும் யாரிடமாவது பேச வேண்டும்போல இருந்தது. பெரியவர் அன்று வரவில்லை. டீ வாங்கிக்கொண்டு, நாற்காலியைத் தூக்கி வைத்த நடிகர் வரும் வரை காத்திருந்தேன். வந்தார். என் மேஜைக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்தார். “நாற்காலி... நன்றாக இருந்தது” என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். அவர் எழுந்து நின்று இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். சமையல் என்றேன். உட்காருங்கள் என்று தன் தட்டிலிருந்த பராத்தாவைப் பாதியாகப் பிய்த்துக் கொடுத்தார்.

ஊர் திரும்பி அந்த வருடம் கேண்டீன் பேசப் போனபோது சபா காரியதரிசியிடம் இரண்டு விஷயம் கேட்டேன். தனி ஆவர்த்தனம் நடக்கும்போது தோசைக்கல்லைப் பற்ற வைக்க மாட்டேன். காபியும், ஏற்கெனவே செய்து வைத்த பலகாரமும் மட்டும்தான் கொடுப்பேன். கச்சேரி முடிந்தபின் ஒரு மணி நேரம் கடை திறந்திருக்க வேண்டும். முதல் விஷயம் அவருக்குப் புரியவே இல்லை. “உங்க வியாபாரம்தானே, உங்க இஷ்டம்” என்றார். இரண்டாவதற்குத்தான் யோசித்தார். வாட்ச்மேனுக்கு யார் கூடுதல் கூலி கொடுப்பது, விளக்கு யார் கணக்கு, அக்கம்பக்கத்து வீடுகள் என்ன சொல்லும். ஒரு வாரம் பார்ப்போம் என்று ஒத்துக்கொண்டார். வாட்ச்மேன் கூலியை நான் ஏற்றுக்கொண்டேன்.

அந்த முதல் மூன்று நாளை மறக்க மாட்டேன். தனிக்கூட்டம் வழக்கம்போல வந்தது. கல் அணைந்திருப்பதைப் பார்த்து ஒருவர் சத்தம் போட்டார்: “காசை நீட்டிண்டு நிக்கறேன், தோசை இல்லைங்கறேளே!” உள்ளே தனி நடக்கிறது, முடிந்ததும் ஊற்றித் தருகிறேன் என்றேன். “அதனாலதான் வந்தேன்!” என்றார் அவர். ஒரு நாளைக்கு 40 தோசைக்குமேல் குறைந்தது. என் தோசை மாஸ்டர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அவருக்கு அது கையைக் கட்டிப்போட்ட மாதிரி. தனிக்குப் பிறகு பாடுகிற துக்கடாக்களின்போது எழுந்து வருகிறவர்களை நான் தடுக்கவில்லை. கச்சேரியை முடிக்கிற மங்களம் வரை கல்லை அணைத்து வைத்தால் கூலி கொடுக்க முடியாது. இதற்கு இன்னும் எனக்கு வழி தெரியவில்லை.

கச்சேரிக்குப் பிந்திய ஒரு மணி நேரத்துக்கு மட்டும் தனியாகச் சமைத்தேன். பெரிய பட்டியல் கிடையாது. கொதிக்கிற மிளகு ரசம், குழைய வடித்த சாதம், ரவா உப்புமா, சுட்ட அப்பளம். முதல் இரண்டு நாள் தம்புரா போட்ட பெண்ணும் அவளுடைய அம்மாவும் மட்டும் சாப்பிட்டார்கள். நான்காம் நாள் வயலின்காரர் வந்தார். கூடவே அவருடைய சீடர்கள் மூன்று பேர். சாப்பிட்டுக்கொண்டே அன்றைய ராகத்தைப் பற்றி ஒரு சீடன் ஏதோ கேட்க, அவர் மேஜையில் விரலால் கோடு போட்டுக் காட்டினார். பக்கத்து மேஜையில் ரசம் குடித்துக்கொண்டிருந்த ஒரு ரசிகர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். பையன் தட்டை எடுக்கப் போனான். கையைக் காட்டி நிறுத்தினேன்.

ஒரு வாரம் பார்ப்போம் என்றது அந்தச் சீசன் முழுக்க ஓடியது. அடுத்த வருடம் கூலியைப் பாதிப் பாதி பிரித்துக்கொண்டோம். அந்த எழுபது வயது வித்வான் அதற்குப் பிறகு எங்கள் சபாவில் வாசிக்க வரவில்லை. வேறு இடத்தில் அவருடைய கச்சேரி இருக்கும் நாளில் நான் அடுப்படியில் நிற்பேன். போய்ச் சொல்ல முடிந்ததில்லை.

இப்போது என்னோடு திருவாரூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் இருக்கிறான். வந்தபோது வயது 17. கல் அணைந்திருக்கிற கால் மணி நேரத்தில் அவனுக்கு வேலை இல்லை. அரங்கின் பக்கக் கதவண்டை போய் நிற்கச் சொன்னேன். தனி எப்போது முடியும் என்று யாராவது சொன்னால்தான் கல்லைச் சூடு பண்ண முடியும். கல் காய நாலைந்து நிமிடம் ஆகும். முதலில் கைதட்டல் கேட்டுத்தான் ஓடி வருவான். அப்புறம் பற்ற வைத்தால் ஜனம் காத்து நிற்கும். ஒரு நாள் கஞ்சிரா வாசிக்கிற இளைஞர் ஒருவர் ராத்திரி ரசம் சாதம் சாப்பிடும்போது அவனுக்குச் சொல்லிக் கொடுத்தார். தனி முடியப் போகிறது என்றால் மோரா என்று ஒன்று வரும், அதற்குப் பிறகு கோர்வை, கோர்வை மூன்று தடவை வந்தால் முடிந்தது. மேஜையில் தட்டிக் காட்டினார். பையன் தொடையில் தட்டித் தட்டிப் பழகினான். பாத்திரம் கழுவும்போதும் அதே தட்டல்தான்.

மோரா வந்ததும் கதவண்டை நின்று கையைத் தூக்குவான். நான் தோசை மாஸ்டரைப் பார்ப்பேன். அவர் தீக்குச்சியைக் கிழிப்பார். ஆதி தாளம் என்றால் பையன் தவறுவதே இல்லை. மிஸ்ர சாபுவாக இருந்தால் மட்டும், கையைத் தூக்குவதற்கு முன்னால் ஒரு நொடி என்னைத் திரும்பிப் பார்ப்பான்.